பெடல் பஞ்சானால் பயணம் வேண்டாம்

(பெங்களூர் அடுகோடியில் வேன் ஓட்டுநர்கள், உரிமையாளர்கள், அவர்கள் குடும்பத்தார் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

வேன் நம் பிழைப்பு. ஓசூரிலிருந்து காய்கறி ஏற்றி மடிவாளா சந்தைக்குக் கொண்டு வருகிறோம். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விடுகிறோம். பொங்கல் வந்தால் குடும்பத்தோடு ஊருக்குப் போகிறோம். எல்லாம் இந்த வேனில்தான்.

நம்மில் பலரிடம் இருப்பது பழைய வேன். மாருதி வேன் 1984-இல் வந்தது. பிறகு அதற்கு ஆம்னி என்று பெயர் வந்தது. 2019-இல் அதைச் செய்வதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் ஓடுகிற ஆம்னிகள் இன்னும் நிறைய. பழைய வண்டி வைத்திருப்பதில் குறை ஒன்றும் இல்லை. பழைய வண்டியின் பேச்சைக் கேட்காமல் ஓட்டுவதுதான் குறை.

வண்டி பேசுமா? பேசும். அது பேசும் இடங்களில் முக்கியமானது பிரேக் பெடல். "யானை வரும் பின்னே, மணி ஓசை வரும் முன்னே" என்பார்கள். பிரேக் பெரும்பாலும் திடீரென்று போவதில்லை. முதலில் பெடல் மெத்தென்று ஆகும். அதுதான் மணி ஓசை. அந்த ஓசையைக் கேட்டு, எங்கே பழுது என்று கண்டுபிடிப்பது எப்படி? அதைத்தான் இன்று பேசப் போகிறோம்.

பிரேக் எப்படி வேலை செய்கிறது?

நீங்கள் பெடலை மிதிக்கிறீர்கள். சக்கரம் நிற்கிறது. உங்கள் காலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே என்ன இருக்கிறது? கம்பி இல்லை. சங்கிலி இல்லை. குழாயும், குழாய் நிறையத் திரவமும் இருக்கின்றன.

பெடல் ஒரு தண்டைத் தள்ளும். தண்டு, மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் திரவத்தை அழுத்தும். அந்த அழுத்தம் குழாய் வழியே நான்கு சக்கரங்களுக்கும் போகும். அங்கே டிஸ்க் இருந்தால் பேட் போய்ப் பிடிக்கும். டிரம் இருந்தால் உள்ளே இருக்கும் ஷூ விரிந்து பிடிக்கும்.

மூடிய இடத்தில் உள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பரவும். இதைச் சொன்னவர் பாஸ்கல். பிரான்சு நாட்டு அறிஞர். பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். அவர் சொன்ன விதியை வைத்துத்தான் பின்னாளில் இந்த பிரேக்கைச் செய்தார்கள். 1921-இல் அமெரிக்காவில் டியூசன்பெர்க் என்ற கார் நான்கு சக்கரத்திலும் இப்படிப்பட்ட பிரேக்கோடு வந்தது. உங்கள் வேனில் இருப்பதும் அதே வழிதான்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஊசி இல்லாத பிளாஸ்டிக் சிரிஞ்சு ஒன்றை எடுங்கள். காற்று துளியும் இல்லாமல் தண்ணீர் நிரப்புங்கள். முனையை விரலால் அடைத்துவிட்டு அழுத்துங்கள். அழுந்தாது. கல் போல நிற்கும். இப்போது கொஞ்சம் தண்ணீரை வெளியே விட்டு, அந்த இடத்தில் காற்றை இழுங்கள். மறுபடியும் முனையை அடைத்து அழுத்துங்கள். பஞ்சு போல உள்ளே போகும். விட்டால் திரும்பி வரும்.

திரவம் சுருங்காது. காற்று சுருங்கும். நல்ல பிரேக், தண்ணீர் நிறைந்த சிரிஞ்சு. மெத்தென்ற பிரேக், காற்றுப் புகுந்த சிரிஞ்சு. இது புரிந்தால் பாதி வேலை முடிந்தது.

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்

அந்தத் திரவத்தை நாம் "பிரேக் ஆயில்" என்கிறோம். ஒர்க்ஷாப்பில் எல்லோரும் சொல்வது அப்படித்தான். ஆனால் அது எண்ணெய் இல்லை. கிளைக்கால் என்ற வகையைச் சேர்ந்த ரசாயனத் திரவம். அது தண்ணீரோடு கலக்கும். எண்ணெய் கலக்காது.

இந்தப் பெயரால் ஆபத்து உண்டு. "ஆயில் குறைந்திருக்கிறது" என்று எஞ்சின் ஆயிலை ஊற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எஞ்சின் ஆயில் பட்டால் பிரேக்கில் இருக்கும் ரப்பர் கப்புகள் ஊதிப் பெருத்துவிடும். பிறகு மாஸ்டர் சிலிண்டர் முதல் வீல் சிலிண்டர் வரை எல்லா ரப்பரையும் மாற்ற வேண்டும். குழாயை முழுதும் கழுவ வேண்டும். ஒரு கரண்டி எண்ணெய், பல ஆயிரம் ரூபாய் செலவு வைக்கும்.

எந்தத் திரவம் ஊற்ற வேண்டும்? பிரேக் ஆயில் பாட்டிலைப் பாருங்கள். டாட் 3 அல்லது டாட் 4 என்று எழுதியிருக்கும். பழைய வேன்கள் பலவற்றுக்கு டாட் 3 போதும். பாட்டிலில் இருக்கும் எண்ணும், வேனில் ஆயில் ஊற்றும் டப்பாவின் மூடியில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று நீங்களே படித்துப் பாருங்கள். கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். சீல் உடையாத பாட்டிலையே வாங்குங்கள். திறந்த டின்னில் இருந்து ஊற்றித் தருவதை வாங்காதீர்கள்.

ஏன் அப்படி? பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். நம் வீட்டு உப்பு, மழைக்காலத்தில் நசநசக்கிறதே, அது போல. புதிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி சூடு வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அது 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். இந்த எண்களை நினைவில் வையுங்கள். தொப்பூர் மலை இறக்கம் பற்றிப் பேசும்போது திரும்பவும் வரும்.

முதலில் டப்பாவைப் பாருங்கள்

பெடல் மெத்தென்று இருக்கிறது. என்ன செய்வது? முதலில் வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். பிறகு பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். அதில் இரண்டு கோடுகள் இருக்கும். மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவே ஆயில் நிற்க வேண்டும்.

ஆயில் குறைந்திருந்தால் என்ன பொருள்? இங்கேதான் பலர் தவறுகிறார்கள். "குறைந்திருக்கிறது, ஊற்றிவிட்டால் சரி" என்று ஊற்றிவிட்டுப் போகிறார்கள்.

நண்பர்களே, பெட்ரோல் எரிந்து தீரும். பிரேக் ஆயில் எரிவதில்லை. தீர்வதில்லை. அது மூடிய குழாய்க்குள் இருக்கிறது. குறைந்தால் அது எங்கோ போயிருக்கிறது என்று பொருள். பானையில் தண்ணீர் குறைந்தால் ஓட்டையைத் தேட மாட்டோமா? அது போலத்தான்.

ஒரு விலக்கு உண்டு. பேட் தேயத் தேய, சக்கரத்தில் பிஸ்டன் கொஞ்சம் வெளியே வரும். அந்த இடத்தை ஆயில் நிரப்பும். அதனால் மாதக்கணக்கில், மெல்ல மெல்ல, மட்டம் கொஞ்சம் இறங்கும். அப்போது பேட்டையும் லைனிங்கையும் பார்க்க வேண்டும். ஆனால் ஒரு வாரத்தில், இரண்டு வாரத்தில் மட்டம் இறங்கினால் அது ஒழுகல்தான். சந்தேகமே வேண்டாம்.

ஒழுகல் எங்கே?

நான்கு இடங்களைப் பாருங்கள்.

ஒன்று, சக்கரத்தின் உள்பக்கம். டயரின் உள்பக்கம் ஈரமாக இருந்தால் அந்தச் சக்கரத்தின் வீல் சிலிண்டர் ஒழுகலாம்.

இரண்டு, சக்கரத்துக்கு அருகே உள்ள ரப்பர் ஹோஸ். ஸ்டியரிங்கைத் திருப்பி வைத்துவிட்டுப் பாருங்கள். ஹோஸில் வெடிப்பு இருக்கிறதா? ஒருவரைப் பெடலை மிதிக்கச் சொல்லுங்கள். மிதிக்கும்போது ஹோஸ் ஊதுகிறதா? ஊதினால் அதை மாற்ற வேண்டும். ஊதும் ஹோஸும் பெடலை மெத்தென்று ஆக்கும்.

மூன்று, வண்டிக்கு அடியில் போகும் இரும்புக் குழாய். துரு தின்ற இடத்தில் கசியும்.

நான்கு, மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்கம். பெடலுக்கு மேலே, காலடியில், ஈரம் இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள்.

கசிவது பிரேக் ஆயில்தானா, வேறு எண்ணெயா? ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, கசிவில் ஒரு சொட்டு விடுங்கள். மிதந்தால் எண்ணெய். கலந்துவிட்டால் பிரேக் ஆயிலாக இருக்கலாம். சோதித்த பிறகு கையை நன்றாகக் கழுவுங்கள். பிரேக் ஆயில் விஷம். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். வண்டியின் பெயின்ட்டில் பட்டால் பெயின்ட்டும் உரியும். உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள்.

கால் சொல்லும் சேதி

டப்பாவில் ஆயில் சரியாக இருக்கிறது. ஈரமும் எங்கும் இல்லை. ஆனாலும் பெடல் சரியில்லை. இப்போது காலால் சோதிக்க வேண்டும். எஞ்சினை நிறுத்துங்கள். சில வண்டிகளில் பிரேக்குக்கு உதவ பூஸ்டர் இருக்கும். அதில் தங்கிய பலம் போவதற்காக ஐந்தாறு முறை மிதித்து விடுங்கள். பிறகு மூன்று கேள்விகள் கேளுங்கள்.

முதல் கேள்வி: பெடல் பஞ்சு போல அழுந்தி, விட்டதும் துள்ளி வருகிறதா?

அப்படியானால் குழாயில் காற்று இருக்கலாம். அல்லது ஹோஸ் ஊதலாம். சமீபத்தில் ஷூவோ வீல் சிலிண்டரோ மாற்றிய வண்டியில் இது அதிகம் வரும். வேலை செய்தவர்கள் காற்றைச் சரியாக எடுத்திருக்க மாட்டார்கள். ஆயில் மிகவும் குறைந்து போன வண்டியிலும் காற்று புகும்.

இரண்டாம் கேள்வி: முதல் மிதியில் பெடல் தாழ்வாகப் போய், உடனே மறுபடி மிதித்தால் உயரமாக, கெட்டியாக நிற்கிறதா?

அப்படியானால் பெரும்பாலும் பின் சக்கரத்தில் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடிவிட்டது. லைனிங் தேய்ந்திருக்கும். அட்ஜஸ்டர் இறுகிப் போயிருக்கும். இதை உறுதி செய்ய ஒரு வழி உண்டு. கை பிரேக்கை இழுத்து வைத்துவிட்டு பெடலை மிதித்துப் பாருங்கள். பெடல் முன்னைவிட உயரத்தில் நின்றால், பழுது பின் சக்கரத்து இடைவெளிதான். கை பிரேக் லீவர் வழக்கத்தைவிட மேலே வருவதும் இதற்கு அடையாளம். டிஸ்க் உள்ள முன் சக்கரத்தில் பேரிங் ஆடினாலும் முதல் மிதி தாழும். அதையும் பாருங்கள்.

மூன்றாம் கேள்வி: பெடலை மிதித்து அப்படியே பிடித்திருந்தால், மெல்ல மெல்லக் கீழே போகிறதா?

காலை எடுக்காமல் முப்பது வரை எண்ணுங்கள். ஒரு முறை அழுத்தமாக மிதித்துப் பிடியுங்கள். இன்னொரு முறை மெதுவாக மிதித்துப் பிடியுங்கள். வெளியே எங்கும் ஒழுகல் இல்லாமல், டப்பாவில் மட்டமும் குறையாமல், பெடல் மட்டும் இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது. உள்ளே இருக்கும் ரப்பர் கப் தேய்ந்துவிட்டது. அழுத்தம் சக்கரத்துக்குப் போகாமல் உள்ளேயே திரும்பி வந்துவிடுகிறது.

இந்தப் பழுது வஞ்சகமானது. வேகமாக மிதித்தால் பிரேக் பிடிக்கும். மெதுவாக மிதித்தால் நழுவும். அதனால் "பிரேக் பிடிக்கிறதே" என்று ஏமாந்துவிடுவோம். சில்க் போர்டு சிக்னலில் நெடுநேரம் நிற்கும்போது உங்கள் கால் மெல்லக் கீழே போகிறதா? அன்றைக்கே வண்டியை ஒர்க்ஷாப்பில் விடுங்கள்.

ஒன்றைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பெடலில் காலை வைத்துக்கொண்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் பெடல் கொஞ்சம் இறங்கும். பூஸ்டர் வேலை செய்கிறது என்று பொருள். அது பழுது இல்லை. இறங்கவே இல்லை, பெடல் கல்லாக இருக்கிறது என்றால்தான் பூஸ்டரைப் பார்க்க வேண்டும்.

காற்று எடுப்பது எப்படி?

இதை ஒர்க்ஷாப்பில் செய்வதே நல்லது. ஆனால் நம் கண் முன்னே சரியாகச் செய்கிறார்களா என்று தெரிய வேண்டாமா? அதற்காகச் சொல்கிறேன்.

இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலில். மற்றவர் சக்கரத்தில். சக்கரத்தில் நிப்பிள் ஒன்று இருக்கும். அதில் சிறு குழாயை மாட்டி, மறு முனையைக் கொஞ்சம் புது ஆயில் உள்ள பாட்டிலுக்குள் விட வேண்டும். பெடலில் இருப்பவர் மிதித்துப் பிடிப்பார். சக்கரத்தில் இருப்பவர் நிப்பிளைத் திறப்பார். ஆயிலோடு காற்றுக் குமிழி வரும். நிப்பிளை மூடிய பிறகே பெடலை விட வேண்டும். முன்னதாக விட்டால் காற்று திரும்ப உள்ளே போகும். மிதி, பிடி, திற, மூடு, விடு. இதுதான் வரிசை. குமிழி நிற்கும் வரை செய்ய வேண்டும்.

பெரும்பாலான வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்குவார்கள். நடுநடுவே டப்பாவில் ஆயில் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். டப்பா காலியானால் மறுபடி காற்று புகும். வெளியே வந்த பழைய ஆயிலை மீண்டும் ஊற்றக் கூடாது.

பழைய வண்டிக்கு ஒரு எச்சரிக்கை. பெடலை அடி வரை மிதிக்கக் கூடாது. ஏன்? வழக்கமாக பிஸ்டன் போகாத இடத்தில் துருவும் அழுக்கும் படிந்திருக்கும். அங்கே போனால் ரப்பர் கப் கிழியும். காற்று எடுக்கப் போய் மாஸ்டர் சிலிண்டரே போய்விடும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்தால் போதும். அடி வரை போகாது.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். ஸ்டாண்ட் வைக்க வேண்டும். டிரம்மைத் திறந்ததும் தூசியை வாயால் ஊதாதீர்கள். காற்றுக் குழாயாலும் ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கலாம். அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். ஈரத் துணியால் துடையுங்கள்.

தொப்பூர் இறக்கம்

நம் அடுகோடி ஓசூர் ரோட்டில் இருக்கிறது. இந்த ரோட்டைப் பிடித்தால் ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் 300 மீட்டருக்கும் கீழே. அதாவது ஊருக்குப் போகும்போது நாம் 600 மீட்டருக்கு மேல் கீழே இறங்குகிறோம். அதில் பெரிய இறக்கம் தர்மபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே உள்ள தொப்பூர் கணவாய். பல விபத்துகள் நடந்த இடம் அது.

நகரத்துக்குள் நாம் மெதுவாகப் போகிறோம். அரைகுறை பிரேக்கும் போதும் போலத் தோன்றும். அதே வேனில் பத்துப் பேரும் மூட்டையும் ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் போனால் என்ன ஆகும்? பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குவோம். டிரம்மும் டிஸ்கும் கொதிக்கும். அந்தச் சூடு ஆயிலுக்குப் போகும். ஈரம் ஏறிய பழைய ஆயில் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம் என்றேன் அல்லவா? கொதித்தால் ஆவி உண்டாகும். ஆவியும் காற்றைப் போலவே சுருங்கும். பெடல் அடி வரை போய்விடும். ஒழுகல் இல்லை. எதுவும் உடையவில்லை. ஆனாலும் பிரேக் இல்லை.

கொஞ்ச நேரம் நின்று ஆறினால் பெடல் திரும்பி வரும். "இப்போது சரியாகிவிட்டது" என்று மறுபடி கிளம்புவார்கள். அது சரியாகவில்லை. அடுத்த இறக்கத்தில் மறுபடி போகும். இப்படி ஒரு முறை நடந்தாலும் ஆயிலை முழுதும் மாற்ற வேண்டும். நடக்காவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது.

இறக்கத்தில் எப்படி ஓட்ட வேண்டும்? இறங்கத் தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடாதீர்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கவே கூடாது. எஞ்சின் நின்றால் பூஸ்டரின் உதவியும் சில மிதிகளில் தீர்ந்துவிடும்.

ஓடும்போதே பெடல் உள்ளே போய்விட்டால்? பதற வேண்டாம். பெடலை வேகமாக மிதித்து மிதித்து விடுங்கள். கொஞ்சம் அழுத்தம் கிடைக்கலாம். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். கை பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். ஒரேயடியாக இழுத்தால் வண்டி சுழலும். ஹார்ன் அடியுங்கள். விளக்கைப் போடுங்கள். ஓரத்தில் மேடு இருந்தால் அந்தப் பக்கம் திருப்புங்கள்.

"இன்று ஒரு நாள் ஓட்டு"

இப்போது ஒரு கசப்பான விஷயம். ஓட்டுநருக்குக் காலில் தெரிகிறது. உரிமையாளரிடம் சொல்கிறார். "இன்று ஒரு டிரிப் இருக்கிறது. முடித்துவிட்டு வா. நாளைக்குப் பார்க்கலாம்" என்கிறார் உரிமையாளர். ஓட்டுநருக்கு வேலை போய்விடும் என்ற பயம். உரிமையாளருக்கு வருமானம் போய்விடும் என்ற பயம். இருவர் பயமும் எனக்குப் புரிகிறது.

ஆனால் ஒரு கணக்குப் பாருங்கள். வீல் சிலிண்டருக்கு ஒரு ரப்பர் கிட், ஒரு பாட்டில் ஆயில், அரை நாள் கூலி. சிறு பழுதுக்குச் செலவு இவ்வளவுதான். மாஸ்டர் சிலிண்டரே போனால் கொஞ்சம் கூடும். எப்படியும் ஒரு நாள் வருமானம் போகும். இந்தப் பக்கம் இது. அந்தப் பக்கம் வேனுக்குள் இருக்கும் பிள்ளைகள், ரோட்டைக் கடக்கும் பாட்டி, ஓட்டுநரின் குடும்பம். தராசில் எது கனம்?

சட்டமும் இதைச் சொல்கிறது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 190-ஆம் பிரிவு. ஆபத்தான பழுதோடு பொது ரோட்டில் வண்டி ஓட்டுவது குற்றம். ஓட்டுபவர் மட்டும் அல்ல. ஓட்டச் சொன்னவரும், ஓட்ட விட்டவரும் குற்றவாளிகள். "எனக்குப் பழுது தெரியாது" என்றும் தப்ப முடியாது. சாதாரணமாகக் கவனித்திருந்தால் தெரிந்திருக்கும் என்றாலே போதும், குற்றம்தான்.

அதனால் ஓட்டுநர்களே, வாயால் மட்டும் சொல்லாதீர்கள். வேனில் ஒரு நோட்டு வையுங்கள். "இந்தத் தேதி, இத்தனை கிலோமீட்டர், பெடல் இறங்குகிறது. சொன்னேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். உரிமையாளர்களே, ஆயில் மாற்றிய தேதியை அதே நோட்டில் நீங்களும் எழுதுங்கள். எழுத்தில் இருந்தால் இரண்டு பேருக்கும் மறக்காது. சண்டையும் வராது.

தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை ஏறும் வேன் ஓட்டுநரிடம், "அண்ணா, பிரேக் ஆயில் எப்போது மாற்றினீர்கள்?" என்று கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை. நல்ல ஓட்டுநர் கோபப்பட மாட்டார். நோட்டை எடுத்துக் காட்டுவார்.

கூட்டத்தில் கேட்ட கேள்விகள்

டாட் 3 இருக்கும் வண்டியில் டாட் 4 ஊற்றலாமா?

ஊற்றலாம். இரண்டும் ஒரே வகை. ஆனால் டாட் 5 வேறு. அது சிலிக்கான் வகை. கலக்கவே கூடாது.

பெடலை இரண்டு முறை மிதித்தால் நன்றாகப் பிடிக்கிறது. அப்படியே ஓட்டலாமா?

கூடாது. குறுக்கே பிள்ளை ஓடி வந்தால் இரண்டாவது மிதிக்கு நேரம் இருக்காது.

ஆயில் ஊற்றியதும் பெடல் சரியாகிவிட்டது. போதாதா?

போதாது. ஒழுகும் இடம் அப்படியே இருக்கிறது. அதை அடைத்த பிறகுதான் வண்டி சரி.

நினைவில் வைக்க வேண்டியவை

பிரேக் ஆயில் தீராது. குறைந்தால் ஒழுகலைத் தேடு.

பஞ்சு போல் இருந்தால் காற்றைப் பார். இரண்டாம் மிதியில் உயர்ந்தால் ஷூவைப் பார். பிடித்திருக்கும்போது இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரைப் பார். இறக்கத்தில் மட்டும் போனால் ஆயிலை மாற்று.

எஞ்சின் ஆயிலைப் பிரேக்குக்கு ஊற்றாதே.

பெடல் சரியாகும் வரை வண்டியை எடுக்காதே.

நாளைக் காலையில் சாவியைத் திருப்பும் முன், ஒரே ஒரு முறை பெடலை மிதித்து முப்பது வரை எண்ணுங்கள். அரை நிமிட வேலை. கால் என்ன சொல்கிறது என்று கேளுங்கள்.

 

பேசிப் பார்ப்போம்

1. பிரேக் ஆயிலும் எஞ்சின் ஆயிலும் எப்படி வேறுபடுகின்றன?
2. பெடல் மெல்ல இறங்குகிறது. வெளியே ஒழுகல் இல்லை. பழுது எங்கே?
3. மலை இறக்கத்தில் வண்டியை நியூட்ரலில் விடக் கூடாது. ஏன்?
4. உங்கள் தெரு வேனில் பிரேக் ஆயில் டப்பாவின் மூடியில் என்ன எழுதியிருக்கிறது? படித்து எழுதுங்கள்.